பட்டனை அழுத்தினால் பதில் இல்லை: வீட்டில் செய்த கேம் கன்சோலின் கன்ட்ரோலர் போர்டில் பழுது தேடுவது எப்படி?

நாமே வடிவமைத்து அச்சடிக்கக் கொடுத்த போர்டு கூரியரில் வந்துவிட்டது. சிப், கிரிஸ்டல், ரெசிஸ்டர், பட்டன் எல்லாவற்றையும் சால்டர் செய்தாயிற்று. பேட்டரியை இணைத்தால் திரை ஒளிர்கிறது, விளையாட்டுப் பட்டியலும் வருகிறது. ஆனால் எந்தப் பட்டனை அழுத்தினாலும் அசைவே இல்லை. இன்னொருவருக்கு நான்கு பட்டன்கள் மட்டும் வேலை செய்யவில்லை. வேறொருவருக்கு எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, பத்து நிமிடம் கழித்துக் கன்ட்ரோலர் மட்டும் காணாமல் போகிறது.

இந்த மூன்று பேரும் பெரும்பாலும் முதலில் செய்வது ஒன்றுதான்: ஃபர்ம்வேரை, அதாவது சிப்புக்குள் ஓடும் நிரலை, மாற்றி மாற்றி ஏற்றிப் பார்ப்பது. அதை மாற்றுவது எளிது, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபடியே முடிந்துவிடும். பழுதோ பெரும்பாலும் அதற்கு இரண்டு மூன்று படி கீழே, மின்சாரத்திலோ சால்டரிலோ போர்டின் வரைபடத்திலோ இருக்கும். அடிப்படியிலிருந்து ஒவ்வொன்றாக அளந்துகொண்டு மேலே வந்தால், எந்தப் படியில் சங்கிலி அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த வரிசையையும், ஒவ்வொரு படியிலும் எதை அளக்க வேண்டும், ஏன் அளக்க வேண்டும் என்பதையும் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

## கன்ட்ரோலர் போர்டு என்ன வேலை செய்கிறது?

விரல் ஒரு பட்டனை அழுத்துகிறது. அதை விளையாட்டுக்குப் புரியும் ஒரு செய்தியாக மாற்றித் தருவதுதான் இந்தப் போர்டின் வேலை.

நின்டெண்டோவின் பழைய கேம் கன்சோலான என்இஎஸ்ஸின் கன்ட்ரோலரில் 4021 என்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சிப் இருந்தது. 8 பட்டன்களின் நிலையை ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, ஒரே கம்பி வழியாக ஒவ்வொன்றாக அனுப்பும். 1989இல் வந்த கேம் பாய் 8 பட்டன்களை 2 வரிசை, 4 நெடுவரிசை கொண்ட கட்டமாக அடுக்கி, 6 கம்பிகளாலேயே படித்தது. கம்பியை மிச்சப்படுத்தும் இந்த இரண்டு யுக்திகளும் இன்றைய வீட்டுத் தயாரிப்புகளிலும் உயிரோடு இருக்கின்றன.

2015 நவம்பரில் ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் 5 டாலர் விலையில் வந்த பிறகு, உள்ளங்கை அளவில் கன்சோல் கட்டும் பழக்கம் பரவியது. இத்தகைய கன்சோல்களில் அதிகம் பயன்படும் அமைப்பு ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். மூளையாக ஒரு ராஸ்பெர்ரி பை. பட்டன்களைக் கவனிக்கத் தனியாக ஏடிமெகா32யு4 என்ற மைக்ரோகன்ட்ரோலர். ஆர்டுயினோ லியோனார்டோ போர்டில் இருப்பதும் இதே சிப்தான். இதற்குள்ளேயே யுஎஸ்பி வசதி இருப்பதால், பை இதைக் கடையில் வாங்கிய கேம்பேட் போலவே பார்க்கும். தனி டிரைவர் எதுவும் எழுத வேண்டியதில்லை.

அப்படியானால் செய்தி கடக்கும் பாதை இது: பட்டன், செம்புத் தடம், சிப்பின் பின் (அதாவது அதன் உலோகக் கால்), ஃபர்ம்வேர், யுஎஸ்பி கம்பி, பையில் ஓடும் லினக்ஸ், கடைசியாகப் பழைய விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டர். இந்தப் பாதை முழுவதற்கும் அடியில் மின்சாரம்.

## மின்சாரம் கொடுப்பதற்கு முன்

பேட்டரியை இணைக்குமுன் பத்து நிமிடம் செலவழிப்பது பாதுகாப்புக்காகவும்தான். லித்தியம் பாலிமர் பேட்டரி ஷார்ட் ஆனால் மிகப் பெரிய மின்னோட்டத்தைக் கொட்டும். தடம் எரியும், பேட்டரியே தீப்பிடிக்கவும் கூடும்.

1. நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கியால் சிப்பின் கால்களைப் பாருங்கள். இந்தச் சிப்புக்கு 44 கால்கள். இரண்டு கால்களைச் சேர்த்துச் சால்டர் பாலம் போட்டிருக்கலாம், அல்லது கால் தடத்தைத் தொடாமலே மேலே நிற்கலாம். பாலத்தை ஃப்ளக்ஸ் தடவி, செம்புப் பின்னலால் உறிஞ்சி எடுக்கலாம். தொடாமல் நிற்கும் கால்தான் ஏமாற்றும்: விரலால் சிப்பை அழுத்திப் பார்க்கும்போது மட்டும் வேலை செய்யும்.

2. சிப்பின் ஓரத்தில் இருக்கும் புள்ளி முதல் காலைக் காட்டும். அது போர்டில் அச்சிட்ட குறியோடு பொருந்துகிறதா?

3. மல்டிமீட்டரை ரெசிஸ்டன்ஸ் அளவில் வைத்து, 5 வோல்ட் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளங்கள். மின்தேக்கிகள் நிரம்பும் வரை எண் ஏறிக்கொண்டே போய் நின்றால் கவலையில்லை. சில ஓம்களிலேயே நின்றால் எங்கோ ஷார்ட். அதைக் கண்டுபிடிக்கும் வரை மின்சாரம் கொடுக்கக் கூடாது.

4. முதல் சோதனைக்குப் பேட்டரியும் வேண்டாம், பையும் வேண்டாம். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய பவர் சப்ளை கிடைத்தால் 5 வோல்ட், 100 மில்லி ஆம்பியர் வரம்பு வைத்துக் கன்ட்ரோலர் போர்டுக்கு மட்டும் கொடுங்கள். வரம்பைத் தொட்டு நின்றால் உடனே நிறுத்திவிடலாம், எதுவும் கருகாது.

## மின்னழுத்தம்: பாதிப் பழுதுகள் பிறக்கும் இடம்

கையடக்கக் கன்சோலில் மின்சாரம் நேராக வருவதில்லை. லித்தியம் பேட்டரி முழுதாக நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட், காலியாகும்போது 3 வோல்ட் அருகே. பைக்குத் தேவை 5 வோல்ட். அதனால் நடுவே ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர் உட்கார்ந்து மின்னழுத்தத்தை ஏற்றித் தருகிறது. இந்த ஏற்றத்துக்கு ஒரு விலை உண்டு. அந்தக் கணக்கு புரிந்தால் பல மர்மங்கள் விலகும்.

பையும் திரையும் சேர்ந்து 5 வோல்ட்டில் 0.8 ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அது 4 வாட். பேட்டரி 3.5 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கிறது, கன்வெர்ட்டரின் திறன் 88 சதவீதம் என்றால், பேட்டரியிலிருந்து வர வேண்டியது சுமார் 1.3 ஆம்பியர். பேட்டரி இறங்க இறங்க இந்த எண் ஏறும், குறையாது. அந்த 1.3 ஆம்பியர் ஒரு மெல்லிய கம்பியையும் சின்ன ஸ்லைடு ஸ்விட்ச்சையும் தாண்டித்தான் வருகிறது. இவை இரண்டும் சேர்ந்து 0.1 ஓம் தடுத்தாலே 0.13 வோல்ட் அங்கேயே போய்விடும். கையடக்கக் கன்சோல்களில் போடும் சின்ன ஸ்லைடு ஸ்விட்ச்சுகளில் பல அரை ஆம்பியருக்கும் குறைவாகத் தாங்குபவை. அதனால் முழு மின்னோட்டத்தையும் ஸ்விட்ச் வழியாக விடாமல், பூஸ்ட் கன்வெர்ட்டரின் எனேபிள் பின்னை மட்டும் ஸ்விட்ச்சால் ஆன், ஆஃப் செய்வது எவ்வளவோ மேல். பத்து நிமிடம் கழித்துக் கன்ட்ரோலர் காணாமல் போவதற்கு இந்தச் சரிவு ஒரு முக்கியக் காரணம். விளையாட்டில் சுமை கூடும் நொடியில் மின்னழுத்தம் சட்டென்று விழுகிறது, பை தாங்கிக்கொள்கிறது, சிறிய சிப் ரீசெட் ஆகிவிடுகிறது.

பையே இதைச் சொல்லிவிடாதா என்று கேட்கலாம். 2014இன் பி பிளஸ் மாடல் தொடங்கி, ராஸ்பெர்ரி பை போர்டுகளில் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கும் சுற்று இருக்கிறது. திரையில் வரும் மின்னல் குறி அதுதான். ஆனால் ஜீரோ வகைப் போர்டுகளில் அந்தச் சுற்று இல்லை. கையடக்கக் கன்சோலில் அதிகம் பயன்படுவதோ ஜீரோதான். எச்சரிக்கை வரவில்லை என்பதை வைத்து மின்சாரம் சரி என்று முடிவுகட்டவே கூடாது. மல்டிமீட்டர் முனைகளைக் கன்ட்ரோலர் சிப்பின் விசிசி (மின்சாரம் நுழையும் கால்), கிரவுண்ட் கால்களிலேயே வைத்து, விளையாட்டு ஓடும்போது அளக்க வேண்டும். பூஸ்ட் கன்வெர்ட்டரின் வாசலில் 5.1 வோல்ட் இருக்கும், சிப்பின் வாசலில் 4.5தான் இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது எண். மல்டிமீட்டர் மெதுவானது, மில்லி விநாடிச் சரிவுகளைக் காட்டாது. குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி உள்ள மீட்டரோ, மின்னழுத்த மாற்றத்தை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்போ இருந்தால் நல்லது.

அடுத்து, 3.3 வோல்ட் குழப்பம். பையின் பின்கள் 3.3 வோல்ட்டில் இயங்குவதால், கன்ட்ரோலர் சிப்பையும் அதே 3.3 வோல்ட்டில் ஓட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஏடிமெகா32யு4இன் டேட்டாஷீட்படி 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். 2.7 வோல்ட்டில் 8 மெகாஹெர்ட்ஸ்வரைதான் உத்தரவாதம். 3.3 வோல்ட்டில் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டாலும் மேசையில் அது பல நேரம் ஓடவே செய்யும். அதுதான் ஆபத்து. சூடு, குளிர், பேட்டரி நிலை மாறும்போது காரணம் தெரியாமல் நிற்கும். பட்டன்கள் யுஎஸ்பி வழியாகத்தான் போகின்றன என்றால் 5 வோல்ட்டிலேயே ஓட்டுவது நல்லது. யுஎஸ்பிக்குத் தேவையான 3.3 வோல்ட்டைச் சிப் தன் உள்ளேயே தயாரித்துக்கொள்ளும்.

சார்ஜ் செய்யும் பகுதியிலும் ஒரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கும் டிபி4056 மாட்யூல்கள் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு வருகின்றன. அதன் பொருள் 1 ஆம்பியர் சார்ஜ். 500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது இரண்டு மடங்கு அதிகம். அந்த ரெசிஸ்டரை மாற்றாமல் விடக் கூடாது. 2 கிலோ ஓம் போட்டால் 580 மில்லி ஆம்பியராகக் குறையும், 3 கிலோ ஓம் போட்டால் 400. உங்கள் பேட்டரியின் டேட்டாஷீட் அனுமதிக்கும் அளவுக்குள் இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

## சிப் விழித்திருக்கிறதா?

மின்சாரம் சரி என்று எண்களே சொன்ன பிறகு, சிப் ஓடுகிறதா என்று பார்க்கலாம்.

1. ரீசெட் பின்னில் விசிசி அளவு மின்னழுத்தம் இருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் சிப் நிரந்தரமாக ரீசெட்டில் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ரீசெட் பட்டனைத் தவறாகச் சால்டர் செய்திருப்பதுதான் இதற்கு வழக்கமான காரணம்.

2. யுகேப் என்ற பின்னில் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருக்க வேண்டும். 5 வோல்ட் அமைப்பில் அங்கே சுமார் 3.3 வோல்ட் கிடைக்கும், யுஎஸ்பி ரெகுலேட்டரின் வெளியீடு அது. சிப்பின் அதே பக்கத்தில் இருக்கும் யுவிசிசி பின்னுக்கு மின்சாரம் கொடுக்க மறந்த வரைபடங்கள் நிறைய. அதை மறந்தால் சிப் ஓடும், யுஎஸ்பி மட்டும் எழாது.

3. எல்லா விசிசி, ஏவிசிசி (அனலாக் பகுதிக்கான மின்சாரம்), கிரவுண்ட் கால்களும் இணைந்திருக்கின்றனவா? ஒன்றை மட்டும் இணைத்துவிட்டு மற்றவை உள்ளே இணைந்திருக்கும் என்று நம்பக் கூடாது.

4. கிரிஸ்டல். இதுதான் சிப்பின் இதயத் துடிப்பு. இரண்டு பக்கமும் சிறிய மின்தேக்கிகள் வேண்டும், அளவை ஊகிக்காமல் கணக்கிட வேண்டும். கிரிஸ்டலின் டேட்டாஷீட் சொல்லும் சுமை மதிப்பிலிருந்து தடங்களின் இயல்பான தேக்கமான சுமார் 5 பிகோஃபாரடைக் கழித்து, இரண்டால் பெருக்குங்கள். சுமை 16 என்றால் 22 பிகோஃபாரட் வரும். முழு வேக யுஎஸ்பி கடிகாரத்தில் 0.25 சதவீதப் பிழையைத்தான் பொறுக்கும். சிப்பின் உள் ஆசிலேட்டரை நம்பாமல் கிரிஸ்டல் போடுவது இதனால்தான்.

ஆசிலாஸ்கோப் இல்லாமல் கிரிஸ்டலைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. வேறொரு ஆர்டுயினோவைப் புரோகிராமராக மாற்றி, ஐஎஸ்பி என்ற ஆறு கம்பி இணைப்பு வழியாகச் சிப்பின் அடையாள எண்ணைக் கேளுங்கள். இந்தச் சிப்பின் பதில் 1இ, 95, 87 என்று வர வேண்டும். வந்துவிட்டால் மின்சாரம், ரீசெட், கடிகாரம், சிப் நான்கும் ஒரே கேள்வியில் தேறிவிட்டன என்று பொருள். என்னைக் கேட்டால் இந்தச் சோதனைக்காகவே அந்த ஆறு புள்ளிகளையும் எல்லாப் போர்டிலும் விட்டு வைக்கலாம்.

பதில் வரவில்லை என்றால் உடனே சிப்பைக் கழற்ற வேண்டாம், முதலில் புரோகிராமரின் வேகத்தைக் குறையுங்கள். புதுச் சிப்பில் கடிகாரத்தை எட்டால் வகுக்கும் ஃப்யூஸ் பிட் போட்டே வருகிறது. 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருந்தாலும் சிப் 2 மெகாஹெர்ட்ஸில்தான் விழிக்கும். புரோகிராமர் அதில் நான்கில் ஒரு பங்கைவிட மெதுவாகப் பேச வேண்டும். ஃப்யூஸ் பிட் என்பது சிப்பின் அடிப்படை நடத்தையைத் தீர்மானிக்கும் தனி அமைப்பு, ஃபர்ம்வேரை மாற்றினாலும் அது மாறாது. இன்னொன்று: போர்டு 3.3 வோல்ட்டில் இயங்குகிறது என்றால், 5 வோல்ட் ஆர்டுயினோவை நேரடியாக இணைத்துவிடாதீர்கள்.

## யுஎஸ்பியில் பெயர் சொல்லி அழைத்தல்

சிப் உயிரோடு இருக்கிறது, ஆனால் பை அதைப் பார்க்கவில்லை. இங்கே லினக்ஸ் எழுதி வைக்கும் கெர்னல் பதிவுதான் சிறந்த சாட்சி. கன்ட்ரோலரைச் செருகிய நொடியில் அதில் என்ன வரி விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு வரியும் இல்லை: யுஎஸ்பியின் டேட்டா கம்பிகளான டி-பிளஸ், டி-மைனஸ் இரண்டில் ஒன்றோ இரண்டுமோ போய்ச் சேரவில்லை, அல்லது சிப்பின் யுஎஸ்பிப் பகுதி எழவில்லை. சோதனைக்குப் பயன்படுத்தும் கேபிளையும் சந்தேகியுங்கள். சார்ஜ் செய்ய மட்டும் பயன்படும் கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது.

"குறைந்த வேகக் கருவி" என்று வரி வந்து, பிறகு தோல்வி: இது ஓர் அழகான துப்பு. முழு வேகக் கருவி டி-பிளஸ் கம்பியை 1.5 கிலோ ஓம் வழியாக மேலே இழுத்துத் தன்னை அறிவிக்கும். குறைந்த வேகக் கருவி டி-மைனஸை இழுக்கும். இந்தச் சிப் முழு வேகத்தில் பேசுவது. அதைக் குறைந்த வேகம் என்று பை சொல்கிறது என்றால் இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றன. மீட்டரே தேவையில்லை, கம்பிகளை மாற்றிச் சால்டர் செய்தால் போதும்.

பிழை மைனஸ் 71 அல்லது மைனஸ் 110: முதலாவது நெறிமுறைப் பிழை, இரண்டாவது பதில் வராமல் நேரம் முடிந்தது. கருவி இருக்கிறது என்று பைக்குத் தெரிகிறது, பேச்சுதான் புரியவில்லை. இரண்டு டேட்டா கம்பிகளிலும் போட வேண்டிய 22 ஓம் ரெசிஸ்டர்களைப் பாருங்கள். 22 ஓமுக்குப் பதிலாக 22 கிலோ ஓம் போட்டுவிட்டால் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். 220 என்று அச்சிட்டிருந்தால் 22 ஓம், 223 என்றால் 22 கிலோ ஓம். அதற்கு அடுத்தது கிரிஸ்டலின் பிழை, அப்புறம் மின்னழுத்தச் சரிவு.

தோன்றி, சுமார் 8 விநாடியில் மறைந்து, வேறு பெயரில் தோன்றுகிறது: இது பழுதே இல்லை. ஆர்டுயினோ லியோனார்டோவின் பூட்லோடர் அந்த 8 விநாடி புது ஃபர்ம்வேருக்காகக் காத்திருக்கும், பிறகு நம் நிரலுக்கு வழிவிடும். அடையாள எண் 2341:0036 என்றால் பூட்லோடர், 2341:8036 என்றால் நம் நிரல். முதல் எண்ணிலேயே திரும்பத் திரும்ப நின்றால்தான் ஃபர்ம்வேர் இல்லை என்று பொருள்.

## சில பட்டன்கள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால்

முதலில் பழுதை இரண்டாகப் பிளக்க வேண்டும். வேலை செய்யாத பட்டனின் பின்னை ஒரு சிமிட்டாவால் கிரவுண்டோடு தொடுங்கள். பை அதைப் பட்டன் அழுத்தமாகப் பார்த்தால் சிப்பும் ஃபர்ம்வேரும் சரி, குற்றம் பட்டன் பக்கம். பார்க்கவில்லை என்றால் சிப் பக்கம். இந்த ஒரு தொடுதல் மணிக்கணக்கான தேடலை மிச்சப்படுத்தும்.

சிப் பக்கம் என்று தெரிந்து, செத்த பட்டன்கள் சரியாக நான்காக, ஏ0 முதல் ஏ3 வரையிலான பின்களில் இருந்தால் காரணம் ஏறக்குறைய உறுதி: ஜேடேக். சிப்பைச் சோதிப்பதற்கான அந்த வசதி புதுச் சிப்பில் இயக்கப்பட்டே வருகிறது, அந்த நான்கு பின்களையும் தனக்கென எடுத்துக்கொள்கிறது. ஆர்டுயினோவின் பூட்லோடரை ஐஎஸ்பி வழியாக முறையாக ஏற்றினால், ஃப்யூஸ் பிட்டுகளும் மாறி ஜேடேக் அணைந்துவிடும். தொழிற்சாலை பூட்லோடரையே வைத்துக்கொண்டு சொந்த ஃபர்ம்வேர் போடுபவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் நிரலின் தொடக்கத்தில் எம்சியுசிஆர் ரெஜிஸ்டரின் ஜேடிடி பிட்டை அடுத்தடுத்து இரண்டு முறை எழுதினாலும் போதும். இரண்டாவது எழுத்து நான்கு கடிகாரச் சுற்றுக்குள் நடக்க வேண்டும்.

பட்டன் பக்கம் என்றால் எந்த வகைப் பட்டன் என்பதைப் பொறுத்தது.

நான்கு கால் டேக்ட் ஸ்விட்ச்சில் கால்கள் இரண்டிரண்டாக உள்ளேயே இணைந்திருக்கும். வரைபடத்தில் அதை 90 டிகிரி திருப்பி வைத்துவிட்டால், எப்போதும் அழுத்தியது போலவே இருக்கும். குறுக்கு மூலைகளில் இருக்கும் இரண்டு கால்களை மட்டும் பயன்படுத்தினால் எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியாக வரும். அடுத்த போர்டு வரையும்போது இதை நினைவில் வைக்கலாம்.

கேம் பாயில் இருப்பது போன்ற ரப்பர் பட்டன் வேறு உலகம். ரப்பரின் அடியில் இருக்கும் கரிப்பொட்டு, போர்டில் சீப்புப் பற்களைப் போலக் கோத்திருக்கும் இரண்டு செம்புத் தடங்களை இணைக்கிறது. கரி உலோகம் அல்ல, அதற்கென்று ஒரு தடை உண்டு, தேயத் தேய அது ஏறும். எவ்வளவு தடை வரை தாங்கும்? 5 வோல்ட்டில் இந்தச் சிப் 0.9 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் பூஜ்யம் என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். பட்டனை அழுத்தாதபோது பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் சிப்பின் உள் புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம். மோசமான நிலையான 20இல் கணக்கிட்டால், கரிப்பொட்டு சுமார் 4.4 கிலோ ஓம் வரை இருந்தாலும் அழுத்தம் பதிவாகும். வெளியே 10 கிலோ ஓம் புல்-அப் போட்டால் எல்லை சுமார் 2.2 கிலோ ஓமாகக் குறையும். 1 கிலோ ஓம் போட்டால் வெறும் 220 ஓம். அதாவது "இன்னும் உறுதியாக இருக்கட்டும்" என்று வலுவான புல்-அப் போட்டவர், பழைய ரப்பரை வேலை செய்யவிடாமல் தடுத்துவிட்டார். ரப்பர் பட்டனுக்கு உள் புல்-அப்பே பொருத்தம்.

தடங்களின் மேற்பூச்சையும் கவனிக்க வேண்டும். மலிவான போர்டுகளில் தடத்தின் மேல் சால்டர் பூச்சு வருகிறது. அது மேடு பள்ளமாக இருக்கும், நாளடைவில் ஆக்சைடு படியும். ரப்பர் பட்டன் உள்ள போர்டுக்குத் தங்கப் பூச்சு கேட்பது வீண் செலவு இல்லை. பட்டன் தடங்களின் மேல் பச்சைப் பூச்சு மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள், வரைபடக் கோப்பில் திறப்பு விட மறந்தால் அப்படி வரும். சால்டர் செய்தபின் மிஞ்சும் ஃப்ளக்ஸை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட வேண்டும்.

கட்ட அமைப்பில் பட்டன்களை அடுக்கியிருந்தால் இன்னொரு பழுது வரலாம். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் இருக்கும் பட்டன்களை ஒன்றாக அழுத்தினால், அழுத்தாத நான்காவதும் பதிவாகும். மின்சாரம் மற்ற மூன்றின் வழியாகச் சுற்றிக்கொண்டு போவதால் இப்படி ஆகிறது. ஒவ்வொரு பட்டனோடும் ஒரு 1என்4148 டயோடு போட்டால் சுற்றுவழி அடைபடும். பின்கள் போதுமான அளவு இருந்தால் கட்டமே வேண்டாம், ஒரு பட்டனுக்கு ஒரு பின் என்று விட்டுவிடலாம்.

## அனலாக் ஸ்டிக் தானாக நகர்கிறது

ஸ்டிக் என்பது இரண்டு பொட்டன்ஷியோமீட்டர்கள். நடுவில் விட்டால் பாதி மின்னழுத்தம் வரும், சிப் அதை 0 முதல் 1023 வரையிலான எண்ணாகப் படிக்கும். நடுவில் 512 அருகே வர வேண்டும். நடுவில் 338, முழுதாகத் தள்ளினால் 675 என்று வருகிறதா? ஸ்டிக்குக்கு 3.3 வோல்ட் கொடுத்துவிட்டு, சிப் 5 வோல்ட்டை அளவுகோலாக வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே தடத்திலிருந்து வர வேண்டும்.

எண் நடுங்கிக்கொண்டே இருந்தால் ஏவிசிசி, ஏரெஃப் (அனலாக் அளவுகோல்) பின்களில் 100 நானோஃபாரட் மின்தேக்கிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டிக் நாடா கேபிளில் வந்தால் கனெக்டர் மேல் தொடுதலா, கீழ் தொடுதலா என்பதைச் சரிபார்க்க வேண்டும். மாறினால் பின் வரிசையே தலைகீழாகும், மின்சாரமும் கிரவுண்டும் இடம் மாறும்.

## கடைசியாகத்தான் மென்பொருள்

இதுவரை எல்லாம் தேறிவிட்டால், எமுலேட்டரைத் திறக்காமல் லினக்ஸிலேயே சோதியுங்கள். ஈவ்டெஸ்ட் என்ற கட்டளை ஒவ்வொரு அழுத்தத்தையும் வரியாகக் காட்டும். அங்கே எல்லாப் பட்டனும் சரியாக வந்து விளையாட்டில் மட்டும் வரவில்லை என்றால், கன்ட்ரோலர் போர்டில் குற்றமே இல்லை. எமுலேட்டரின் பட்டன் ஒதுக்கீட்டைத் திரும்பச் செய்தால் போதும். ஒதுக்கீடு செய்யும்போது நாம் தொடாமலே அடுத்த பட்டனுக்குத் தாவிப் போகிறதா? ஏதோ ஒரு பின் இணைப்பில்லாமல் மிதக்கிறது. ஃபர்ம்வேரில் அந்தப் பின்னுக்கு உள் புல்-அப்பை இயக்க மறந்திருக்கலாம்.

ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதிவாவது பட்டனின் துள்ளல். உலோகத் தகடுகள் சேரும்போது சில மில்லி விநாடிகள் ஒட்டி விலகி ஒட்டும். இதற்காக 20 மில்லி விநாடி காத்திருந்து பிறகு படிப்பவர்கள் உண்டு. விளையாட்டின் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி விநாடிதான், ஒரு முழு ஃபிரேம் தாமதத்தை நாமே சேர்த்துவிடுகிறோம். தாண்டிக் குதிக்கும் விளையாட்டுகளில் விரல் இதை உணரும். முதல் தொடுதலை உடனே ஏற்றுக்கொண்டு, அடுத்த 5 மில்லி விநாடிக்கு அந்தப் பட்டனின் மாற்றங்களை மட்டும் கண்டுகொள்ளாமல் விடும் முறையில் தாமதமே இல்லை.

## திருத்துவதா, புதிதாக அச்சடிப்பதா?

இடம் மாறிய இரண்டு கம்பிகள், விட்டுப்போன ஒரு மின்சார இணைப்பு, தவறான ரெசிஸ்டர் ஆகியவற்றுக்காகப் போர்டைத் தூக்கிப்போட வேண்டாம். கூர்மையான கத்தியால் தவறான தடத்தை வெட்டி, மெல்லிய எனாமல் கம்பியால் சரியான இடத்தை இணைத்துவிடலாம். சிப்பின் கால்வரிசையே கண்ணாடிப் பிம்பம்போல் தலைகீழாக அமைந்திருந்தால்தான் புதிதாக அச்சடிப்பதைத் தவிர வழியில்லை.

கைத்திருத்தம் செய்த போர்டில் எல்லாம் ஓடும் வரை இரண்டாவது பதிப்புக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள், முதல் பழுதுக்குப் பின்னால் இரண்டாவது ஒன்று ஒளிந்திருக்கலாம். இரண்டாவது பதிப்பில் 5 வோல்ட், கிரவுண்ட், யுகேப், ரீசெட், டி-பிளஸ், டி-மைனஸ் ஆகிய ஒவ்வொன்றுக்கும் மீட்டர் முனை தொடும் அளவுக்கு ஒரு செம்புப் பொட்டு விடுங்கள், பக்கத்தில் பெயரையும் அச்சிடுங்கள். ஏதாவது ஒரு மிச்சப் பின்னில் ஒரு எல்இடி போட்டு, நிரல் தொடங்கியதும் அது கண் சிமிட்டும்படி செய்தால், பெட்டியைத் திறந்த நொடியிலேயே சிப் விழித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.